எண்ணிக் காக்கும் அறம்

பச்சிளங் குழந்தையை இழந்த வீட்டார் துயரக் கடலில் ஆழ்கின்றனர். ‘எல்லாம் விதி’ என்று கூறி ஆறுதல் தேடுவாரும் உளர். ஒரு வீட்டின் துயரை மட்டும் நோக்கினால் அது விதியாகவே தோன்றும். ஆயிரம் வீடுகளின் துயரை ஒருங்கே வைத்து நோக்கினால், அதற்கு ஒரு காரணம் உண்டு என்பது புலப்படும். காரணம் புலப்பட்டால் காக்கும் வழியும் புலப்படும். இவ்வாறு நோக்குவதே நோய்ப்பரவலியல் அறிஞரின் தொழில். மருத்துவர் தம்மை நாடி வந்த நோயாளியைக் காண்கின்றார். இவ்வறிஞரோ நாடி வராதவரையும் தேடிச் செல்கின்றார். நோயுற்றோர் எத்தனை பேர், நோயுறாதோர் எத்தனை பேர், இவ்விருவர் வாழ்க்கைக்கும் இடையே உள்ள வேறுபாடு யாது என்று ஆராய்கின்றார். தாய் சேய் நலத்தில் இத்தொழில் செய்துள்ள நன்மை பெரிது.

மாலைக்கண் என்னும் குறையைத் தமிழ் மக்கள் நெடுங்காலமாக அறிவர். பொழுது சாய்ந்ததும் குழந்தைக்குப் பார்வை மங்கும். விளையாட்டை விட்டு ஒரு மூலையில் அமர்ந்துவிடும். உணவில் ‘ஏ’ உயிர்ச்சத்துக் குறைவதே இதற்குக் காரணம். முருங்கைக் கீரையிலும் பப்பாளியிலும் மாம்பழத்திலும் அச்சத்தை ஆக்கும் பொருள் உண்டு. இக்குறையால் கண் கெடும் என்பது மட்டுமே பலரும் அறிந்திருந்த செய்தி.

ஆல்பிரட் சாமர் என்னும் அமெரிக்கக் கண் மருத்துவர், நோய்ப்பரவலியலும் கற்றவர். அவர் 1976ஆம் ஆண்டு முதல் இந்தோனேசியாவில் தங்கி ஆராய்ந்தார். மேற்கு ஜாவாவில் 6 சிற்றூர்களில் 3,000க்கு மேற்பட்ட குழந்தைகளை, மூன்று திங்களுக்கு ஒருமுறையாக 18 திங்கள் வரை அவருடைய குழுவினர் கண்டு குறித்தனர். பின்னர் அக்குறிப்புகளை மீண்டும் புரட்டியபோது, வியப்பான உண்மை ஒன்று வெளிப்பட்டது. மாலைக்கண் போன்ற சிறு குறையுடைய குழந்தைகள், மற்றக் குழந்தைகளைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு மிகுதியாக இறந்திருந்தனர். கண்ணில் தோன்றிய குறை, உடல் முழுவதும் நோயை எதிர்க்கும் ஆற்றல் குன்றியதன் அடையாளம் என்பது விளங்கிற்று. அம்முடிவு 1983இல் வெளியாயிற்று.

ஓர் ஒற்றுமையைக் கண்டதும் காரணத்தைக் கண்டுவிட்டதாகக் கருதுதல் அறிவுடைமை ஆகாது. வறுமையே இரண்டிற்கும் காரணமாக இருக்கலாம் அன்றோ? ஆதலால் சுமத்ராத் தீவின் வடபகுதியாகிய ஆச்சேயில் 450 சிற்றூர்களில் சோதனை நிகழ்ந்தது. ஏறத்தாழப் பாதி ஊர்களில் குழந்தைகளுக்கு உயிர்ச்சத்து அளிக்கப்பட்டது. எஞ்சிய ஊர்களுக்குச் சோதனை முடிந்த பின்னரே அளிக்கப்பட்டது. உயிர்ச்சத்துப் பெற்ற ஊர்களில் குழந்தை இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. 1986இல் இதனைக் கேட்ட அறிஞர் பலர் நம்ப மறுத்தனர்.

ஐயத்தைப் போக்கிய ஆய்வுகளுள் ஒன்று தமிழகத்தில் நடந்தது. மதுரை அரவிந்த் மருத்துவமனையைச் சேர்ந்த ரஹ்மத்துல்லா என்னும் மருத்துவரும் அவருடைய குழுவினரும், திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் 15,000க்கு மேற்பட்ட குழந்தைகளிடையே இச்சோதனையை நடத்தினர். வாரந்தோறும் சிறிய அளவு ‘ஏ’ உயிர்ச்சத்துப் பெற்ற குழந்தைகளிடையே இறப்புப் பாதிக்கு மேல் குறைந்ததை அவர்கள் 1990இல் வெளியிட்டனர். ஆயினும் எல்லா ஆய்வுகளும் ஒன்றுபோல் முடியவில்லை. ஐதராபாத்துப் பகுதி ஆய்வில் குறிப்பிடத்தக்க பயன் காணப்படவில்லை. உத்தரப்பிரதேசத்தில் சுமார் 10 இலட்சம் குழந்தைகளிடையே நடந்து 2013இல் வெளியான ஆய்வு, மிகச் சிறு பயனையே காட்டிற்று. ஒரு காலத்தில், ஓரிடத்தில் கண்ட உண்மையை, எக்காலத்துக்கும் எவ்விடத்துக்கும் உரியதாகக் கொள்ளாமல் மீண்டும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதே இதனால் பெறப்படும் பாடம்.

‘குழந்தைகளை எண்களாக்குவது நெஞ்சில் ஈரமற்ற செயல் அன்றோ? சில ஊர்களுக்கு மருந்து கொடுத்துச் சில ஊர்களுக்குக் கொடாதிருப்பது நீதியோ?’ என்று சிலர் வினவுவர். வினா நேரியதே. ஒரு மருந்து பயன் தரும் என்பது உறுதியாகாத நிலையில், எவருக்கும் சார்பின்றிச் சீட்டுக் குலுக்கியது போல ஊர்களைப் பகுத்து ஆராய்தல் அநீதி ஆகாது. உறுதியான பின்னரும் ஒரு குழந்தைக்கேனும் அதனை மறுத்தலே அநீதி. எண்ணாமல் விடுவதோ அதனினும் கொடிது. பணக்காரர் வீட்டுக் குழந்தையின் இறப்பை ஊர் அறியும். ஏழைக் குடிசையில் நிகழும் இறப்பு எவர் செவியிலும் விழாமல் மறையும். அறிஞரின் ஏட்டில் இரண்டும் ஒன்று என்றே பதிவாகும். அங்கே செல்வமும் இல்லை, சாதியும் இல்லை. எண்ணுதலும் இரக்கத்தின் ஒரு வடிவமே.

இப்பணி அறிஞரால் மட்டும் நிறைவுறுவது அன்று. வீடு வீடாகச் சென்று வினவும் செவிலியர், பிறப்பையும் இறப்பையும் பிழையின்றிப் பதியும் எழுத்தர், உண்மையை மறையாது கூறும் தாயார் ஆகிய எல்லாரும் இதில் பங்குடையர். ஏட்டில் எழுதும் பொய்யான ஓர் எண், தவறான மருந்தைப் போலவே தீங்கு செய்யும். ஆதலால் கணக்கைக் கற்கும் மாணவர், அது தேர்வுக்கு மட்டும் உரியது என்று எண்ணற்க. நேர்மையோடு எண்ணுபவர், தாம் ஒருபோதும் காணாத குழந்தைகளின் உயிரையும் காப்பவர் ஆவர்.