ஓடை யாருடையது?

சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாகப் பிச்சாவரம் போகிறவர்கள் சுரபுன்னைக் காட்டைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அதே ஓடைகளில் கழுத்தளவு நனைந்தபடி நகர்கிற மனிதர்களைக் கவனித்தவர்கள் குறைவு. கிள்ளை, எம்ஜிஆர் நகர் பகுதி இருளர்களில் பலர் வலையில்லாமல் இறால் பிடிக்கிறவர்கள். ஆழமில்லாத தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றை இரு கைகளாலும் தடவிக்கொண்டே முன்னேறுவார்கள். தட்டுப்படும் இறாலும் நண்டும் பனையோலைப் பறிக்குள் போகும். கை இரண்டும் வேலையாக இருப்பதால் பறியைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். எலிவளை வெட்டியும் கிழங்கு அகழ்ந்தும் வாழ்ந்த வேட்டைச் சமூகம், தண்ணீரில் இறங்கிய பிறகும் தன் தொழில்முறையைக் கைவிடவில்லை.

1975இல் 'இதயக்கனி' திரைப்படம் இந்த ஓடைகளை ஊரறியச் செய்தது. 2022இல் பிச்சாவரம் உலக ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. இப்போது 'சூழல் சுற்றுலா' என்ற பேச்சு எழும்போதெல்லாம் படகு, நடைபாதை, பார்வைக் கோபுரம் என்று திட்டம் நீள்கிறது. படகு போகும் வழியும் இறால் தடவும் வழியும் ஒரே தண்ணீர் என்பது அந்தப் பேச்சில் வருவதில்லை.

காட்டைக் காப்பவர் யார், கெடுப்பவர் யார் என்பதில் பிச்சாவரத்துக்கு ஒரு பழைய பாடம் உண்டு. காடு பட்டுப்போவதற்குச் சுற்றுவட்டார மக்கள் விறகு வெட்டுவதும் மாடு மேய்ப்பதும்தான் காரணம் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. 1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கண்டது வேறு. ஆங்கிலேயர் காலம் தொட்டு, காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்தது அரசே வகுத்த நிர்வாக முறை. வெட்டிய இடத்தில் வெயில் பட்டு மண் தாழ்ந்தது. உள்ளே ஏறிய ஓதநீர் வடிய வழியில்லாமல் தேங்கி, சுண்டி, உப்பு முற்றியது. அந்த உப்பில் கன்று பிழைக்கவில்லை. மீன்முள் போலக் கிளை வாய்க்கால்கள் வெட்டி, ஓதம் வந்துபோக வழிசெய்த பிறகே அந்த இடங்கள் பச்சை பிடித்தன. அந்தப் பழி என்னவோ மக்கள் தலையில்தான் விழுந்திருந்தது.

காட்டிலிருந்து மக்களைப் பிரித்தால் அவர்களே காட்சிப்பொருள் ஆவதும் நடந்திருக்கிறது. இலங்கையில் 1983இல் மதுரு ஓயா தேசியப் பூங்கா வந்தபோது வேடர் பழங்குடியினரின் வேட்டைக்காடு பூங்காவுக்குள் போய்விட்டது. இன்று தம்பானையில் அவர்கள் தோளில் கோடரியோடு பயணிகளின் படத்துக்கு நிற்கிறார்கள். அந்தமானில் ஜாரவா பழங்குடியினரைச் சுற்றுலாப் பயணிகளுக்காக ஆடச்சொன்ன காணொலி 2012இல் உலகம் முழுக்கச் சுற்றியது. பிச்சாவரம் அந்த நிலைக்குப் போகவில்லை. ஆனால் 'பழங்குடி மீன்பிடிக் காட்சி, மாலை 4 மணிக்கு' என்று ஒரு பலகை வைக்க யாருக்கும் அதிக நேரம் ஆகாது.

வேறு வழியும் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதைத் தொடர்ந்த தடைகளும் பாம்புத் தோல் வியாபாரத்தை முடித்துவைத்தபோது பாம்பு பிடித்து வாழ்ந்த இருளர்களின் பிழைப்பும் அதோடு போனது. 1978இல் அவர்களுக்கென்று பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவாகி, விஷமுறிவு மருந்துக்கான விஷம் எடுக்கும் தொழில் வந்தது. சங்கத்தின் வடநெம்மேலி நிலையத்தில் பயணிகள் பார்ப்பது அந்த உண்மையான வேலையை. பார்க்க ஆள் வராத நாளிலும் விஷத்துக்கு விலை உண்டு. பாம்பு பிடிக்கும் அந்த அறிவுக்குத்தான் 2023இல் இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

சேற்றில் உட்கார்ந்து இறால் தடவுவது என்ன பெரிய வாழ்க்கை, படகுத்துறையில் வேலை கொடுத்தால் நல்லதுதானே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேள்வி நியாயமானது. தங்கள் பிள்ளைகள் சேற்றில் இறங்க வேண்டாம் என்று நினைக்கும் பெற்றோருக்கு நாம் பண்பாட்டுப் பாடம் எடுக்க முடியாது. ஆனால் ஓடையில் உரிமை இருக்கிறவர்தான் படகுத்துறைக் கூலியைப் பேரம் பேசமுடியும். அந்த உரிமை கைவிட்டுப் போனால் கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். 2020 ஊரடங்கில் சுற்றுலா நின்றது, ஓதம் நிற்கவில்லை.

சட்டம் இந்த ஓடை உரிமைக்கு எதிராக இல்லை. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் நீர்நிலைகளின் மீனையும் பிற விளைபொருட்களையும் சமூக உரிமையாகவே கணக்கில் எடுக்கிறது. தமிழ்நாட்டில் அழிவின் விளிம்பிலுள்ள பழங்குடிகள் என்று அரசு வகுத்த ஆறு பிரிவுகளில் இருளரும் ஒன்று. அத்தகையோரின் வாழிட உரிமைக்கும் அதே சட்டத்தில் தனி இடம் உண்டு. ராம்சர் ஒப்பந்தமும் ஈரநிலத்தை மக்கள் அளவறிந்து பயன்படுத்துவதை ஏற்கிறது. ஆக, நுழைவுக் கட்டணத்தில் பங்கு என்ற பேச்சு இரண்டாவதாக வரட்டும். முதலில், கையால் இறால் பிடிக்கும் ஓடைகள் எவை, எந்த ஓதத்தில், எந்த மாதத்தில் என்று இருளர்கள் சொல்ல, வரைபடத்தில் அவை ஏறவேண்டும். அந்த ஓடைகளில் இயந்திரப் படகு கூடாது. அவர்கள் இறங்கும் நேரத்தில் துடுப்புப் படகும் கூடாது. புதிய வழித்தடம் எதுவானாலும் படகுத்துறைக்குப் போகுமுன் கிராமசபைக்குப் போகட்டும்.