கேம்பல் லேனுக்கு அப்பால்

ஆசிரியர் உரை

எஸ்ஜி கல்ச்சர் பாஸ் பற்றி இந்த இதழின் கருத்து என்ன என்று வாசகர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டு, அதே ஆண்டு செப்டம்பர் 1ஆம் தேதி நடப்புக்கு வந்த, கலை மரபுடைமை நிகழ்வுகளுக்குச் செலவிடக்கூடிய அந்த 100 வெள்ளி, 18 வயதை எட்டிய சிங்கப்பூரர்களுக்கு உரியது. 2028 முடியும்வரை செல்லும். நம்முடைய தொடக்கநிலை, உயர்நிலை வகுப்புகளில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு அது இல்லை. மாணவர்களை அந்த பாஸில் அரும்பொருளகத்துக்கு அழைத்துப் போகலாமா என்று கேட்டவர்களுக்கு விடை சுருக்கமானது: முடியாது. ஆசிரியர் தம் பங்கை எதற்குச் செலவிடுவது என்பதில்தான் பேசுவதற்கு விஷயம் இருக்கிறது.

பாஸை வரவேற்கிறோம். அதைக்கொண்டு மரபுடைமை நடைகளுக்கும் பட்டறைகளுக்கும் தாராளமாகப் போய் வாருங்கள். ஒரு பொருளுக்கு முன்னால் கூட்டத்தை நிறுத்தி வழிகாட்டி எப்படிப் பேசுகிறார், எந்த நிமிடத்தில் கேட்பவர் கண் கைப்பேசிக்குப் போகிறது என்றெல்லாம் கவனியுங்கள். ஆனால் அந்த நடையை அப்படியே பாடமாக்கிவிட வேண்டாம். தேசிய அரும்பொருளகங்களின் நிரந்தரக் காட்சிகளுக்குக் குடிமக்கள் 2013 மே மாதம் முதலே கட்டணமின்றிப் போகலாம். ஆகவே பாஸில் நாம் வாங்குவது பெரும்பாலும் இன்னொருவருடைய விளக்கத்தை. காசு கொடுத்து விளக்கம் கேட்க வந்த பெரியவருக்கு அது சரி. பத்து வயதுப் பிள்ளைக்கு, தானே பார்த்துக் கேள்வி கேட்பதற்கு முன் காதில் விழும் விளக்கம் கண்ணை மூடிவிடும்.

செயல்தாளுக்கும் இதே கதைதான். பள்ளிகளின் கற்றல் பயணங்கள் 1998இல் தொடங்கின. இத்தனை ஆண்டுகளில் நாம் பெரிதாக வளர்த்தெடுத்தது செயல்தாளைத்தான். பலகையிலிருந்து ஆண்டைக் கண்டுபிடி, கோடிட்ட இடத்தை நிரப்பு, பிடித்த பொருளை வரைந்து வண்ணம் தீட்டு. பிள்ளை பலகையைப் படிக்கிறது, எழுதுகிறது, அடுத்த பலகைக்கு ஓடுகிறது. கண்ணாடிக்குள் இருக்கும் பொருள் பார்க்கப்படாமலே நிற்கிறது. இந்த இதழுக்கு வரும் பாடக்குறிப்புகளிலும் இந்த வகையே அதிகம். அவற்றைத் திருப்பி அனுப்புவதற்காக என்மீது வருத்தப்படுகிறவர்கள் உண்டு, தொடர்ந்து வருத்தப்படலாம்.

வேறு எப்படிச் செய்வது? தேசிய அரும்பொருளகத்தின் ஃபார்குவார் தொகுப்பையே எடுத்துக்கொள்வோம். வில்லியம் ஃபார்குவார் மலாக்காவில் இருந்த காலத்தில், 1803 முதல் 1818 வரை, பெயர் தெரியாத சீன ஓவியர்களைக் கொண்டு வரைவித்த 477 இயற்கை வரலாற்று ஓவியங்கள். அதில் தாப்பிர் ஓவியத்தின் நகலை வகுப்பில் கொடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு யாரும் பேசக்கூடாது. பிறகு விரல்களை எண்ணச் சொல்லுங்கள். தாப்பிருக்கு முன்காலில் நான்கு விரல், பின்காலில் மூன்று. ஓவியர் அதைக் கவனித்தாரா? விலங்கை உயிரோடு பார்த்து வரைந்தாரா, செத்ததை வைத்து வரைந்தாரா, கேள்விப்பட்டு வரைந்தாரா? எதை வைத்து அப்படிச் சொல்கிறாய்? இதுவரை அறிவியல் பாடம். இனி, வரையச் சொன்னவர் பெயர் தெரிகிறது, வரைந்தவர் பெயர் ஏன் தெரியவில்லை? தாப்பிரைப் பற்றி ஃபார்குவார் 1816இல் கல்கத்தாவின் ஆசியக் கழகத்துக்கு எழுதினார். ஆனால் 1819இல் அறிவியல் பெயர் சூட்டி, அதன் பக்கத்தில் தம் பெயரும் நிற்கும்படி செய்தவர் பிரான்சின் டெமாரே. காட்டில் அந்த விலங்கைத் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்த மலாய்க்காரர்கள் இந்தக் கணக்கில் எங்கே வருகிறார்கள்? இங்கே வரலாறு தொடங்கிவிட்டது. மணி அடிக்கவில்லை, வகுப்பறை மாறவில்லை, ஆசிரியரும் மாறவில்லை.

கெண்ட் ரிட்ஜில் இருக்கும் லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தின் எண்ணெய்த் திமிங்கிலமும் அப்படித்தான். 2015 ஜூலையில் ஜூரோங் தீவுக்கு அருகே மிதந்து வந்த 10.6 மீட்டர் நீளப் பெண் திமிங்கிலம். சிங்கப்பூர்க் கடலில் பதிவான முதல் எண்ணெய்த் திமிங்கிலம். நாட்டின் பொன்விழா ஆண்டு என்பதால் 'ஜூபி லீ' என்று பெயர். முதுகில் காயம். வயிற்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கணவாய் அலகுகள், கூடவே பிளாஸ்டிக் குப்பை. பிள்ளைகளிடம் கேட்டால் பிளாஸ்டிக்தான் கொன்றது என்று ஒரே குரலில் சொல்வார்கள்; சுவரொட்டிகள் அப்படிப் பழக்கிவிட்டன. கப்பல் மோதியிருக்கலாம் என்று முதுகுக் காயம் சொல்கிறது. எந்தச் சான்று எதைச் சொல்கிறது, எதுவரை சொல்கிறது என்று பிரித்துப் பார்க்கும் இந்தப் பயிற்சியும் உயர்நிலை வரலாற்று வகுப்பில் மூலச்சான்றுக் கேள்விக்கு நாம் தரும் பயிற்சியும் ஒன்றே. இரண்டையும் தனித்தனியே நடத்திவிட்டுப் பிள்ளைக்குச் சிந்திக்கத் தெரியவில்லை என்று அலுத்துக்கொள்கிறோம்.

பிரித்தது பள்ளி மட்டுமன்று. 1887இல் ஸ்டாம்ஃபர்ட் ரோட்டில் திறக்கப்பட்ட தேசிய அரும்பொருளகக் கட்டடத்தில் கல்வெட்டும் பறவைத்தோலும் ஒரே கூரையின்கீழ் இருந்தன. 1972இல் இயற்கை வரலாற்றுத் தொகுப்பு அங்கிருந்து வெளியே அனுப்பப்பட்டது. 1907 முதல் அங்கே தொங்கிய பெரிய திமிங்கில எலும்புக்கூடு 1974இல் மலேசியாவுக்குக் கொடுக்கப்பட்டு, இப்போது லாபுவானில் இருக்கிறது. மற்ற மாதிரிகள் இடம் மாறி மாறி அலைந்து, 2015இல்தான் கெண்ட் ரிட்ஜில் சொந்தக் கட்டடத்தைக் கண்டன. 1851இல் தொடங்கப்பட்டு இப்போது எழும்பூரில் இருக்கும் சென்னை அரும்பொருளகத்தில் அமராவதிச் சிற்பங்களும் செப்புத் திருமேனிகளும் திமிங்கில எலும்புக்கூடும் இன்றும் ஒரே வளாகத்தில் உள்ளன. பராமரிப்பு பற்றிப் பேச வேண்டாம். சேர்ந்திருக்கின்றன என்பதே என் பொறாமை.

சேர்த்துக் கற்பிப்பதற்குக் கட்டடம்கூட வேண்டியதில்லை. லிட்டில் இந்தியாவே போதும். சிராங்கூன் ரோட்டின் ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயிலைச் சுண்ணாம்புக் கம்பம் கோயில் என்றும் அழைத்தார்கள். அந்த வட்டாரத்தில் சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்தன. செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டிய இந்தியக் கைதிகள் அதன் சுவருக்குப் பூசிய மெட்ராஸ் சாந்தில் சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் எல்லாம் சேர்ந்தன. தொடக்கநிலை 4 பிள்ளைகளுக்கு உணவங்காடியிலிருந்து கழுவி எடுத்துவந்த சிப்பி ஓட்டின்மேல் வினிகர் சொட்டு விடச் சொல்லுங்கள். நுரைக்கும். ஏன் என்று கேளுங்கள், சொல்லாதீர்கள். வெற்றிலைக் கடைச் சுண்ணாம்பைக் காட்டுங்கள். கண்ணுக்கும் தோலுக்கும் ஆகாது, தொடவிட வேண்டாம். இரண்டும் ஒரே பொருளிலிருந்து வந்தவை, நடுவில் நெருப்பும் நீரும் நடந்துபோயின என்று அவர்களாகவே வந்து சேரட்டும். உயர்நிலை மாணவர்கள் அதைக் கால்சியம் கார்பனேட் சமன்பாடாக எழுதட்டும். பிறகு தேவாலயத்துச் சுவரைப் போய்ப் பார்க்கலாம். நெருப்பு மூட்டியவர் யார், கூலி உண்டா, எந்தக் குற்றத்துக்காகக் கடல் கடந்து அனுப்பப்பட்டார் என்பவை அங்கே நின்று கேட்கவேண்டிய கேள்விகள்.

லிட்டில் இந்தியாவிலேயே இன்னொரு பாடமும் கிடக்கிறது. ரோச்சோர் ஆற்றோரத்துத் தண்ணீரும் புல்லும் மாடுகளைக் கொண்டுவந்தன. மாடுகள் வணிகரையும் பால்காரரையும் கொண்டுவந்தன. பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு என்ற தெருப் பெயர்கள் எஞ்சின. இதை விரிக்க இங்கே இடமில்லை.

இனி இந்த உரையை எழுதத் தூண்டியதற்கு வருகிறேன். மேலே சொன்ன பாடங்களில் எதையாவது தமிழில் நடத்த நமக்கு இடம் இருக்கிறதா?

இந்தியர் மரபுடைமை நிலையம் 2015 மே மாதம் கேம்பல் லேனில் திறந்ததிலிருந்து, அரும்பொருளகம் என்றால் தமிழ் வகுப்புக்கு அது ஒன்றே என்று ஆகிவிட்டது. அந்த நிலையத்தின்மேல் எனக்கு மனக்குறை இல்லை. அங்குள்ள செட்டிநாட்டு மர நிலைக்கதவின் முன் ஒரு வகுப்பை அரைமணி நேரம் நிறுத்தலாம். குறை, நம்மை அங்கேயே நிறுத்தி வைத்திருப்பதில். தாய்மொழி இருவாரம் வந்தால் கோலம், பூத்தொடுத்தல், பானைக்கு வண்ணம் தீட்டுதல். தமிழ்மொழி விழா வந்தால் நாடகம், பேச்சு, கவிதை. நீர்நாயும் குதிரைலாட நண்டும் சதுப்புநிலக் காடும் ஆங்கில வகுப்புக்கு உரியவை. தமிழுக்குப் பாட்டி வீட்டுச் சாமான்கள். இப்படி வளரும் பிள்ளை, தமிழ் என்பது பழைய பொருள்களைப் பற்றிப் பேசும் மொழி என்று முடிவு கட்டினால் குற்றம் பிள்ளையுடையதா?

ஒரு முறை இரண்டு தமிழ் வகுப்புகளை அறிவியல் சார்ந்த ஓர் அரும்பொருளகத்துக்கு அழைத்துவர விரும்பி எழுதினேன். நாங்களே தமிழில் நடத்திக்கொள்கிறோம், இடமும் நேரமும் மட்டும் போதும் என்று தெளிவாகவே கேட்டிருந்தேன். மிகப் பணிவான பதில் வந்தது: உங்கள் மாணவர்களுக்குக் கேம்பல் லேன் பொருத்தமாக இருக்குமே. கோபத்தைவிடச் சலிப்புதான் மிஞ்சியது. பணிவாகச் சொல்லப்பட்டதால் மறுப்பு என்றுகூடப் பலர் அதை உணரமாட்டார்கள்.

நான்கு அதிகாரத்துவ மொழிகளில் தமிழும் ஒன்று என்று அரசியலமைப்பின் 153ஏ பிரிவு சொல்கிறது. தேசிய அரும்பொருளகத்தில் ஜப்பானிய மொழியில் சுற்றிக்காட்டும் தன்னார்வலர்கள் ஆண்டுக்கணக்காக இருக்கிறார்கள். அவர்களுடைய உழைப்புக்குத் தலைவணங்குகிறேன். ஜப்பானிய மொழிக்குக் கிடைத்த அந்த இடம், அரசியலமைப்பில் இடம்பெற்ற மொழிக்கு ஏன் வாடிக்கையாகக் கிடைப்பதில்லை? ஆள் இல்லை என்பது விடையாக வரும். ஆளை உருவாக்குவது யார் வேலை? பாடத்திட்டத்தில் இல்லை என்பது அடுத்த விடை. பாடத்திட்டத்தை எழுதுவது யார்? எந்த அலுவலகக் கதவைத் தட்டினாலும் அடுத்த கதவைக் கைகாட்டுகிறார்கள்.

1982இல் மூடப்படும்வரை உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியில் அறிவியலும் வரலாறும் இந்த ஊரில் தமிழில்தான் நடந்தன. அங்கே படித்தவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். தமிழில் அறிவியல் நடக்காது என்று அவர்கள் முன்னால் நின்று சொல்ல யாருக்கும் வாய் வராது. தமிழ்வழிப் பள்ளி திரும்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அந்தக் காலம் போயிற்று. அறிவியல் பாடம் ஆங்கிலத்திலேயே நடக்கட்டும். ஆண்டுக்கு ஒரு முறை, ஒரு காலைப்பொழுது, ஒரு திமிங்கிலத்தின் முன் நின்று தமிழில் சந்தேகம் கேட்கும் வாய்ப்பு ஒரு பிள்ளைக்கு வேண்டும் என்கிறேன். அதற்கு 100 வெள்ளிகூட ஆகாது. பெரியவர்களின் பண்பாட்டு ஆர்வத்துக்குத் தலைக்கு 100 வெள்ளி ஒதுக்க முடிந்த நாட்டில், இதற்குக் காசில்லை என்று எவரும் சொல்ல முடியாது. நினைப்பில்லை, அவ்வளவுதான்.

ஜூரோங் லேக் கார்டன்ஸில் புதிய அறிவியல் நிலையம் 2027இல் திறக்கத் திட்டமிடப்பட்டிருக்கிறது. அங்கே தமிழ் விளக்கமும் தமிழ் வகுப்புகளுக்கான நேரமும் வேண்டுமென்று கேட்பதற்குத் திறப்பு விழாவுக்கு முந்திய நாள்களே தக்கவை. பலகைகள் அச்சான பிறகு, அடுத்த புதுப்பிப்பில் பார்க்கலாம் என்பார்கள். பள்ளித் தாய்மொழித் துறைத் தலைவர்கள் இந்தத் தவணையிலேயே கடிதம் எழுதட்டும். பெற்றோர் ஆதரவுக் குழுக்களும் எழுதலாம். தேசிய அரும்பொருளகத்தில் 2023 செப்டம்பரில் தொடங்கிய புதுப்பிப்பு வேலை பகுதி பகுதியாக நடப்பதால், எந்தக் கூடம் திறந்திருக்கிறது என்று கேட்டுக்கொண்டு பயணத்தைத் திட்டமிடுங்கள்.

அடுத்த இதழுக்குப் பாடக்குறிப்புகள் அனுப்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பொங்கல் பானையும் அம்மிக்கல்லும் போதுமான அளவு வந்துவிட்டன. ஒரு விலங்கு, ஒரு செடி, ஒரு கல், ஓர் எலும்பு இவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு, வரலாறும் அறிவியலும் சேர்ந்து வரும்படி தமிழில் ஒரு பாடம் எழுதுங்கள். கோடிட்ட இடம் ஒன்றுகூட இருக்கக் கூடாது. வகுப்பில் ஒரு முறை நடத்திப் பார்த்த பிறகு அனுப்புங்கள். பிள்ளைகள் கேட்ட கேள்விகளையும் சேர்த்து அனுப்பினால் அவற்றை முதலில் அச்சிடுவோம்.