பனியன் போகிறது, பிள்ளைகள்?

திருப்பூர் பனியன் கடல் கடக்கிறது. அதைத் தைப்பவர்களின் பிள்ளைகள்?

2014 மே 25 அன்று, அன்றைய ஆந்திரத்தின் சமூக நல உறைவிடப் பள்ளி மாணவர்கள் இருவர் எவரெஸ்ட் உச்சியைத் தொட்டனர்: பழங்குடிச் சிறுமி மாலாவத் பூர்ணா, வயது 13, தலித் மாணவர் ஆனந்த் குமார். போங்கிர் பாறை, டார்ஜிலிங், லடாக் எனப் படிப்படியாகப் பழக்கிய பிறகே திபெத் வழியாக அவர்களை அனுப்பினார்கள்.

அந்த ஆயத்தம் நம் ஆதிதிராவிடர் நல விடுதிகளுக்கும் வேண்டும். வாய்ப்பு வந்தபின் பாஸ்போர்ட்டுக்கு அலைந்தால், பிறப்புச் சான்றில் பெயர்ப் பிழையுள்ள பிள்ளைதான் முதலில் கழிக்கப்படும். சான்றுகளை இப்போதே சரிசெய்யுங்கள். ஷிப்டு இல்லாத ஞாயிறன்று பெற்றோரை அழைத்துப் பேசுங்கள். "நம்ம புள்ளைக்கு எதுக்குங்க வெளிநாடு?" என்று தயங்கும் தாயிடம், பூர்ணாவின் பெற்றோரும் கூலிகள்தான் என்று சொல்லுங்கள்.