‘யாராவது சொல்லியிருப்பார்கள்!’



சில ஆண்டுகளுக்கு முன், நெகிரி செம்பிலானில் ஒரு தோட்டத்தில் இருக்கும் என் சின்னம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். விடியற்காலை நான்கு மணிக்குக் காற்று ‘ஹோ’வென்று வந்தது. கூரைத் தகரம் தடதடத்தது. வெளியே ரப்பர் மரம் ஒன்று மடமடவென முறியும் ஓசை. விளக்கு அணைந்தது.

“இன்னிக்கு மரம் வெட்டப் போக முடியாது” என்று சொல்லிவிட்டுச் சின்னம்மா மெழுகுவர்த்தியைத் தேடினார். வரிசையில் பதினோரு வீடுகள். பதினொன்றிலும் இருட்டு.

ஆறரை மணிக்கு மழை குறைந்தது. பள்ளிக்கூட வேன் வரும் நேரம். பக்கத்து வீட்டு அக்கா கையில் டார்ச்சுடன் பிள்ளைகளுக்கு முன்னால் நடந்தார். திடீரென்று அவர் அலறினார்: “யாரும் வராதீங்க! அங்கேயே நில்லுங்க!” ஓடிப் பார்த்தோம். முறிந்த மரத்தோடு மின்கம்பியும் அறுந்து, பாதையில் தேங்கிய தண்ணீரில் கிடந்தது!

“போன் பண்ணியாச்சா?” என்று கேட்டார் அக்கா. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். “கிராணி வீட்டுல சொல்லியிருப்பாங்கன்னு நினைச்சேன்” என்றார் ஒருவர். “நீங்க சொல்லிட்டீங்கன்னு நினைச்சேனே!” என்றார் இன்னொருவர். இரண்டரை மணி நேரம் எல்லாருடைய கையிலும் கைப்பேசி இருந்தது; ஒருவரும் சொல்லவில்லை. ஆளுக்கொரு செம்பு பால் ஊற்றச் சொன்ன அண்டாவில், விடிந்து பார்த்தால் வெறும் தண்ணீர் இருந்த கதைதான்!

அன்று வந்தது ‘சுமத்ரா’ காற்று. ஏப்ரல் முதல் நவம்பர் வரை மலாக்கா நீரிணையைக் கடந்து, பெரும்பாலும் விடியலுக்கு முன்னும் காலையிலும் மேற்குக் கரையைத் தாக்கும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். ஆனால் அதற்குள் மரங்களைக் கம்பியின் மேல் சாய்த்துவிடும்.

மாலை இடிமழை வேறு வகை. பகல் வெயிலில் சூடேறிய ஈரக்காற்று மேலெழுந்து, கருமேகமாகிக் கொட்டும். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் இது அதிகம். மின்னல் எவ்வளவு பெரிய வேலை செய்யும் தெரியுமா? 1992 செப்டம்பர் 29ஆம் நாள் மின்கடத்தும் அமைப்பில் மின்னல் தாக்கியதால் தீபகற்ப மலேசியா முழுவதுமே இருண்டது.

ஆகவே, விளக்கு அணைந்தால் என்ன செய்வது? முதலில் சன்னலைத் திறந்து அடுத்த வீட்டைப் பாருங்கள். அங்கே விளக்கு எரிந்தால், கோளாறு பெரும்பாலும் உங்கள் வீட்டு மின்பெட்டியில்தான். இடி இடிக்கும்போது அதிலுள்ள பாதுகாப்பு விசை கீழே விழுவது நம் நாட்டில் வழக்கம். எல்லாப் பிளக்குகளையும் கழற்றிவிட்டு, ஈரமில்லாத கையால் விசையை மேலே தள்ளுங்கள். மீண்டும் விழுந்தால் விட்டுவிடுங்கள்; உரிமம் பெற்ற மின்பணியாளரை அழையுங்கள்.

அடுத்த வீடும் இருட்டா? சொல்ல வேண்டியது நீங்கள்தான். தோட்டத்துக்குள் செல்லும் கம்பி நிர்வாகத்துடையது என்றால் உடனே ஆபீசுக்குச் சொல்லுங்கள். மற்ற இடங்களில் தெனாகா நேஷனலின் 15454 எண்ணுக்கு அழையுங்கள். இரவும் பகலும் எடுப்பார்கள். மலாய் மொழி சரளமாக வராதே என்று கூச்சப்பட வேண்டாம். முகவரி, பில்லில் உள்ள கணக்கு எண், எத்தனை மணிக்கு அணைந்தது, எத்தனை வீடுகள், மரம் விழுந்ததா, அருகிலுள்ள கம்பத்தின் எண் என்ன? இவை போதும். இவற்றை ஒரு தாளில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டி வையுங்கள். பள்ளியில் படிக்கும் பிள்ளைகூடப் பார்த்துச் சொல்லிவிடும்.

அறுந்த கம்பியை மட்டும் நெருங்காதீர்கள். வீட்டில் விளக்கு இல்லை என்பதால் கம்பியிலும் மின்சாரம் இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். குச்சியால் தள்ளுவதும் கூடாது. அதைத் தொடும் தண்ணீரும் ஆபத்துதான். தூரத்தில் நின்று, வருகிறவர்களைத் தடுங்கள்.

அந்த அக்கா அதைத்தான் செய்தார். அழைத்த பிறகு ஆட்கள் வந்து மின்சாரத்தைத் துண்டித்துக் கம்பியை அகற்றும் வரை, பாதையின் நடுவில் குடையோடு நின்றார். கம்பியில் மின்சாரம் ஓடியதா இல்லையா என்று எங்களில் யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு பிள்ளையின் கால் தேவைப்படவில்லை, அதுவே போதும்.

இனி விளக்கு அணைந்தால், ‘யாராவது சொல்லியிருப்பார்கள்’ என்று இருந்துவிடாதீர்கள். பத்துப் பேர் சொன்னாலும் குறையில்லை. ஒருவரும் சொல்லாததுதான் குறை. அந்த ‘யாராவது’ நீங்களாக இருங்கள்.