மாதம் 69 ரூபாய் வாடகை

பணி ஓய்வு பெற்ற நண்பர்கள் பலருக்குச் சொந்தமாக ஒரு இணையதளம் வைத்துக்கொள்ளும் ஆசை வந்திருக்கிறது. இத்தனை வருடம் எழுதியதை ஒரே இடத்தில் போட்டு வைக்கலாம், வெளிநாட்டில் இருக்கும் பேரப்பிள்ளைகள் படிப்பார்கள், சங்க அறிவிப்புகளைப் போடலாம் என்று ஆளுக்கொரு காரணம். தேடத் தொடங்கியதும் கண்ணில் படுவது "மாதம் 69 ரூபாய் மட்டுமே" என்ற விளம்பரம். வாங்கலாமா என்று கேட்டு என்னிடம் வருகிறார்கள். வாங்கிவிட்டுப் புலம்புகிறவர்களும் என்னிடம்தான் வருகிறார்கள். நானும் எட்டு வருடமாக ஒரு மலிவு விலை நிறுவனத்தின் வாடிக்கையாளன் என்பதால் என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். மலிவு விலையால் நமக்குப் பெரிய நஷ்டம் எதுவும் இல்லை. நஷ்டம் வருவது, தளத்தின் பெயர் யார் கையில் இருக்கிறது என்று நாம் பார்க்காததால்.

இணையதளத்துக்கு இரண்டு வேண்டும். ஒன்று முகவரி, அதை டொமைன் என்கிறார்கள். இன்னொன்று எழுதியதை வைக்க ஓர் இடம், அதுதான் ஹோஸ்டிங். 69 ரூபாய்க்குக் கிடைக்கும் இடம் ஒண்டுக் குடித்தனம். ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான தளங்கள் இருக்கும். திருவல்லிக்கேணியில் ஒண்டுக் குடித்தனம் இருந்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டாம். பக்கத்துப் போர்ஷனில் விசேஷம் என்றால் நம் வீட்டுக் குழாயில் தண்ணீர் சொட்டத்தான் செய்யும். அதே போல் பக்கத்துத் தளத்தில் கூட்டம் கூடினால் நம் தளம் மெதுவாகத் திறக்கும். "அன்லிமிடெட்" என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். எத்தனை கோப்புகள் வைக்கலாம், சர்வரின் நேரத்தை எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம் என்ற வரம்பெல்லாம் உள்ளே விதிமுறைகளில் இருக்கும். நாளைக்கு நூறு பேர் படிக்கும் நம் தளத்துக்கு அந்த வரம்பே தாராளம். வேகம் போதவில்லை என்ற புகாரில் எனக்கு அவ்வளவாக அனுதாபம் இல்லை.

விலை பற்றிய புகாரில் நியாயம் உண்டு. எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு வாங்கியதையே சொல்கிறேன். மாதம் 69 ரூபாய் என்றாலும் 36 மாதத்துக்கு மொத்தமாகக் கட்டினால்தான் அந்த விலை. 2,484 ரூபாய், அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., ஆக 2,931. மூன்று வருடம் கழித்துப் புதுப்பிக்கும்போது மாதம் 249 என்று பில் வந்தது. 36 மாதத்துக்கு வரியோடு 10,577 ரூபாய். பொருளாளர் பில்லை இரண்டு முறை படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். கணக்குப் பிரிவில் முப்பது வருடம் உட்கார்ந்தவன் என்பதால் எனக்கு ஆச்சரியம் இல்லை. புதுப்பிக்கும் விலை முதல் நாளே அந்தப் பக்கத்தில் இருந்தது, பொடி எழுத்தில். அதைப் பார்த்துக் குறித்து வைத்திருந்தேன்.

பொடி எழுத்தைவிட எனக்குக் கோபம் வருவது தானாக "டிக்" அடித்து வைத்திருக்கும் கட்டங்கள்மேல். பாதுகாப்புக்கு இவ்வளவு, பேக்கப்புக்கு இவ்வளவு என்று நாம் கேட்காமலே பில்லில் ஏறிவிடும். இணையவழி விற்பனைக்கான 2020ஆம் ஆண்டு விதிகள், வாடிக்கையாளரின் சம்மதத்தை இப்படி முன்கூட்டியே டிக் அடித்து வாங்கக் கூடாது என்கின்றன. கேட்காத பொருளைக் கூடையில் போடுவதும், விலையைக் கடைசிப் படியில் கூட்டுவதும் முறையற்ற உத்திகள் என்று 2023இல் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதலும் பட்டியலிட்டிருக்கிறது. தளத்தின் முகவரிக்குப் பக்கத்தில் தெரியும் பூட்டுச் சின்னத்துக்கான எஸ்.எஸ்.எல். சான்றிதழைச் சிலர் காசுக்கு விற்கிறார்கள். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற லாப நோக்கமற்ற ஏற்பாட்டில் 2015 கடைசியிலிருந்து அது இலவசமாகக் கிடைக்கிறது. நம்மைப் போன்றவர்களின் தளத்துக்கு அதுவே போதும்.

வாடிக்கையாளர் சேவையைப் பற்றி எல்லோரும் குறை சொல்கிறார்கள். நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். இரவு இரண்டு மணிக்குத் தூக்கம் வராமல் சாட்டில் கேட்டாலும் ஒரு பையன் மரியாதையாகப் பதில் சொல்கிறான். முதல் பத்து நிமிடம் எழுதி வைத்ததைத்தான் ஒப்பிப்பான். பொறுமையாக இருந்தால் விஷயத்துக்கு வருவான். அதுவும் பலிக்காவிட்டால், குறைதீர்க்கும் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்க வேண்டும் என்று அதே 2020 விதிகள் சொல்கின்றன. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கிறது.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். எனக்குத் தெரிந்த தமிழாசிரியர் ஒருவர் ஓய்வு பெற்ற பிறகு பதினோரு வருடம் தம் தளத்தில் எழுதினார். ஊர்த் தெருக்கூத்து, நாற்று நடும்போது பாடும் பாட்டு, பழைய ஏரி மதகுகளின் பெயர்கள் என்று புத்தகத்தில் இல்லாதவற்றைத் தேடித் தேடி எழுதினார். தளத்தை அமைத்துக் கொடுத்தவர் கடைத்தெருவில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த இளைஞர். ஆசிரியருக்கு அப்போது மின்னஞ்சல் கிடையாது. அதனால் எல்லாவற்றையும் தன் பெயரில், தன் மின்னஞ்சலில் பதிவு செய்தார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆசிரியர் காலமானார். இளைஞரும் கடையை மூடிவிட்டு வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டார்.

டாட் காம் பெயர் காலாவதியாவதற்குச் சுமார் ஒரு மாதம் முன்பும், ஒரு வாரம் முன்பும் நினைவூட்டல் அனுப்ப வேண்டும் என்பது விதி. அனுப்பித்தான் இருப்பார்கள், யாரும் திறக்காத அந்த மின்னஞ்சலுக்கு. வருஷத் திதிக்கு முன்பு அப்பாவின் கட்டுரை ஒன்றைப் படிக்கலாம் என்று மகள் தளத்தைத் திறந்தால் சூதாட்ட விளம்பரம் வந்தது. பெயர் கைமாறியிருந்தது. எழுதியதாவது கிடைக்குமா என்று ஹோஸ்டிங் நிறுவனத்தைக் கேட்டோம். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் எல்லாம் அனுப்பினோம். "கணக்கு அவர் பெயரில் இல்லையே" என்றார்கள். அவர்கள் சொன்னதில் தவறில்லை. பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் தேடி நாற்பது கட்டுரைகள் எடுத்தோம். மதகுகளின் பெயர்கள் அதில் இல்லை.

அதிக விலை கொடுத்திருந்தாலும் இதே கதிதான். பெரிய நிறுவனம் என்றாலும் நம் பிரதி நம்மிடம் இருக்க வேண்டும். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓ.வி.எச். என்ற பெரிய நிறுவனத்தின் தரவு மையம் தீப்பிடித்து எரிந்தது. தனியாக பேக்கப் வைத்திருக்காத வாடிக்கையாளர்கள் பலர் எல்லாவற்றையும் இழந்தார்கள். இலவசமாக இடம் கொடுத்த ஜியோசிட்டீஸையும் யாஹூ 2009இல் மூடிவிட்டது.

ஆகவே வாங்கலாமா என்றால், தாராளமாக வாங்குங்கள். முதல் வருட விலையைப் பார்க்காமல் புதுப்பிக்கும் விலையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். டொமைன் உங்கள் பெயரிலும், நீங்கள் தினமும் பார்க்கும் மின்னஞ்சலிலும் இருக்கட்டும். டாட் காம் பெயரைப் பத்து வருடம் வரை சேர்த்தே பதிவு செய்துவிடலாம். கார்டில் தானாகப் பணம் எடுத்துக்கொள்வார்கள் என்று இருந்துவிடாதீர்கள். 2021 அக்டோபரில் வந்த ரிசர்வ் வங்கி விதிகளுக்குப் பிறகு, முறையான ஒப்புதல் பதிவாகாத கார்டில் அது நின்றுவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை முழுத் தளத்தையும் பென் டிரைவில் இறக்கி வையுங்கள். எல்.ஐ.சி. பாலிசி, வங்கி டெபாசிட் விவரம் எழுதி வைத்திருக்கும் நோட்டிலேயே இந்தக் கணக்கின் விவரத்தையும் எழுதி, பிள்ளைகளிடம் காட்டுங்கள்.

ஏற்கெனவே தளம் வைத்திருப்பவர்கள், அது எந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது என்று இன்றே பாருங்கள். உங்களுடையது இல்லை என்றால், அமைத்துக் கொடுத்த பிள்ளையை நாளைக்கே கூப்பிட்டு மாற்றித் தரச் சொல்லுங்கள். அவர் ஊரில் இருக்கும்போதே செய்துவிடுவது நல்லது.