வீரரை எடைபோடுகிறார்கள்; அணியை எடைபோடுவது யார்?

2025 ஏப்ரல் இறுதியில் அமெரிக்காவின் கிரீன் பே நகரில் மூன்று நாள்கள் நடைபெற்ற ஒரு நிகழ்வில், ஷெடூர் சாண்டர்ஸ் என்ற கல்லூரி வீரரின் பெயர் முதல் இரண்டு நாள்களும் அழைக்கப்படவில்லை என்பதே பெரும் செய்தியாயிற்று. முதல் சுற்றிலேயே தேர்வாவார் என்று பலர் கணித்திருந்த அவரை, மூன்றாம் நாளில் 144-ஆவது வீரராகத்தான் கிளீவ்லாந்து பிரௌன்ஸ் அணி எடுத்துக்கொண்டது. அதற்குள் அவர் ஆடும் அதே இடத்துக்கு வேறு ஐவர் தேர்வாகிவிட்டனர். அணி உரிமையாளர்கள் என்ன முட்டாள்களா என்று அதிபர் டொனால்ட் டிரம்ப்பே சமூக ஊடகத்தில் கேட்கும் அளவுக்கு விவாதம் முற்றியது.

இங்கே பேசப்படுவது நாம் அறிந்த கால்பந்து அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்கக் கால்பந்து. அதன் தொழில்முறை அமைப்பான என்எஃப்எல்-இல் 32 அணிகள் உள்ளன. ஆண்டுக்கு ஒருமுறை ஏழு சுற்றுகளில் ஏறத்தாழ 250 கல்லூரி வீரர்களை அவை பங்கிட்டுக்கொள்கின்றன. இதற்கு 'டிராஃப்ட்' என்று பெயர். ஐபிஎல் ஏலத்தைப் போல அதிக விலை கேட்பவருக்கு வீரர் கிடைப்பதில்லை. முந்தைய பருவத்தில் மிக மோசமாக ஆடிய அணிக்கே முதல் வாய்ப்பு. தேர்வான வீரர், பேரம் பேச வேறு அணியில்லாமல், எடுத்த அணிக்கே ஆட வேண்டும்.

வசதி படைத்த அணிகளே நல்ல வீரர்களை அள்ளிச் செல்வதைத் தடுக்க ஃபிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் உரிமையாளர் பெர்ட் பெல் முன்வைத்த யோசனை இது. 1936-இல் நடைமுறைக்கு வந்தது. அந்த முதல் டிராஃப்டில் முதலாவதாகத் தேர்வான ஜே பெர்வாங்கர் தொழில்முறை ஆட்டம் ஒன்றில்கூடக் களமிறங்கவில்லை என்பது வேடிக்கையான உண்மை. கணிப்பு பொய்ப்பதும் அன்றே தொடங்கிவிட்டது எனலாம்.

கணிப்பவர்கள் சோம்பேறிகள் அல்லர். ஒவ்வோர் அணியும் நாட்டைப் பகுதிகளாகப் பிரித்து 'ஸ்கவுட்' எனப்படும் திறன் தேடுவோரை நியமித்திருக்கிறது. ஆகஸ்டில் தொடங்கி அவர்கள் கல்லூரி கல்லூரியாகச் செல்கின்றனர். பயிற்சியைப் பார்க்கின்றனர், ஆட்டப் பதிவுகளை ஓட்டி ஓட்டிப் பார்க்கின்றனர், பயிற்சியாளரிடம் மட்டுமன்றி, காயத்துக்குக் கட்டுப் போடுபவரிடமும் விசாரிக்கின்றனர். குளிர்கால இறுதியில் இண்டியானாபொலிஸ் நகரில் 300-க்கும் மேற்பட்ட வீரர்கள் ஒருங்கே திரட்டப்படுகின்றனர். உயரம், எடை, உள்ளங்கையின் அகலம் எல்லாம் அளக்கப்படுகின்றன. 40 கஜ தூரத்தை எத்தனை விநாடியில் ஓடுகிறார், 102 கிலோ எடையை எத்தனை முறை தூக்குகிறார் என்று கணக்கெடுக்கப்படுகிறது. மருத்துவர்கள் ஒவ்வொரு மூட்டையும் சோதிக்கின்றனர்.

வீரர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கறுப்பினத்தவராக இருக்கையில், உடலை இப்படி அளந்து பங்கிடும் காட்சி சிலருக்குக் கடந்தகாலத்தை நினைவூட்டுவதில் வியப்பில்லை. முன்னாள் வீரர் காலின் கேப்பர்னிக் 2021-இல் வெளியான தமது தொடரில் இதை அடிமைச் சந்தையோடு ஒப்பிட்டார். கோடிக்கணக்கில் ஊதியம் பெறுவோரை அப்படி ஒப்பிடலாமா என்ற எதிர்க்கேள்வியும் எழுந்தது. இரு தரப்பும் ஊதியத்தையும் உடலையும் பற்றிப் பேசின; இளைஞருக்குத் தெரிவுரிமை உண்டா என்பதை அதிகம் பேசவில்லை.

தேடலில் உண்மையான திறமைக்கு இடமில்லை என்று சொல்லிவிட முடியாது. பில் நன் என்பவர் கறுப்பின வாசகர்களுக்கான 'பிட்ஸ்பர்க் கூரியர்' இதழில் விளையாட்டுச் செய்தியாளராக இருந்தவர். கறுப்பினக் கல்லூரிகளின் சிறந்த வீரர்களை ஆண்டுதோறும் பட்டியலிட்டு வந்த அவரை 1960-களின் இறுதியில் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணி சேர்த்துக்கொண்டது. பிற அணிகள் எட்டிப் பார்க்காத அக்கல்லூரிகளின் கதவுகள் அவருக்குத் திறந்திருந்தன. அலபாமாவில் ஜான் ஸ்டால்வொர்த் என்ற வீரர் ஈரத் தரையில் மெதுவாக ஓடியதைப் பார்த்துப் பிற ஸ்கவுட்டுகள் கிளம்பிவிட, நன் மட்டும் உடல்நலமில்லை என்று சொல்லித் தங்கி, மறுநாள் காய்ந்த தரையில் அவரை ஓடவைத்து நேரம் குறித்தார் என்று சொல்லப்படுகிறது. 1974-இல் ஸ்டீலர்ஸ் எடுத்தவர்களில் ஸ்டால்வொர்த் உள்ளிட்ட நால்வர் பின்னாளில் புகழ்மன்றத்தில் இடம்பெற்றனர். யாரும் பார்க்காத இடத்தில் பார்த்ததே நன்னின் பலம். இன்றோ எல்லா அணிகளின் கையிலும் ஒரே பதிவுகள், ஒரே அளவுகள்.

அந்த அளவுகள் எங்கே தவறுகின்றன என்பதற்கு டாம் பிரேடியைக் காட்டுவது வழக்கம். 40 கஜத்தை 5.28 விநாடியில் தட்டுத் தடுமாறி ஓடிய அவர், 2000-ஆம் ஆண்டு 199-ஆவதாகத் தேர்வாகி ஏழு முறை சூப்பர் பௌல் வென்றார். அதைவிடப் பாடம் நிறைந்தது சான்பிரான்சிஸ்கோ அணியின் அனுபவம். ஆட்டத்தை வழிநடத்திப் பந்தை எறியும் 'குவாட்டர்பேக்' இடத்துக்கு டிரே லான்ஸ் என்பவரை 2021-இல் மூன்றாவதாக எடுப்பதற்காக அந்த அணி மூன்று ஆண்டுகளின் முதல் சுற்று வாய்ப்புகளை மயாமி அணிக்குத் தாரை வார்த்தது. லான்ஸ் நான்கே ஆட்டங்களைத் தொடங்கி ஆடினார். 2023-இல் ஒரு நான்காம் சுற்று வாய்ப்புக்காக டல்லாஸுக்கு அனுப்பப்பட்டார். இதே அணி 2022 டிராஃப்டின் கடைசி வீரராக, 262-ஆவதாக எடுத்த பிராக் பர்டி, 2024 பிப்ரவரியில் அதை சூப்பர் பௌல் இறுதிவரை அழைத்துச் சென்றார். பர்டியின் அருமை அந்த அணிக்கு முன்பே தெரிந்திருந்தது என்று பெருமை பேசவும் வழியில்லை; தெரிந்திருந்தால் தன் முந்தைய வாய்ப்புகளிலெல்லாம் வேறு பெயர்களைச் சொல்லியிருக்காது.

பின்னாளில் பொருளியல் நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் தேலரும் கேட் மாசியும் இந்தத் தேர்வுகளை ஆராய்ந்தனர். ஒரே இடத்துக்கு அடுத்தடுத்து எடுக்கப்பட்ட இருவரில் முன்னவர் பின்னவரைவிடச் சிறந்து விளங்குவதற்கான வாய்ப்பு 52 சதவீதம்தான் என்று கண்டறிந்தனர். நாணயத்தைச் சுண்டிவிடுவதைக் காட்டிலும் சற்றே மேல். அப்படியிருந்தும், ஒரு குறிப்பிட்ட வீரர்தான் வேண்டும் என்று அணிகள் பல வாய்ப்புகளைக் கொட்டிக் கொடுக்கின்றன. பார்வை குறைவு என்பதைவிட, பார்வையின் மீதான நம்பிக்கை மிகுதி என்பதே அவர்கள் சுட்டிய குறை.

இதில் கவனிக்கப்படாத இன்னொரு பாதி உண்டு. 2018-இல் முதலாவதாக பேக்கர் மேஃபீல்டை கிளீவ்லாந்தும், மூன்றாவதாக சாம் டார்னால்டை நியூயார்க் ஜெட்ஸும் எடுத்தன. சில ஆண்டுகளில் இரு அணிகளும் அவர்களைக் கைவிட்டன. தேர்வு பிழைத்தது என்று எழுதப்பட்டது. பிறகு மேஃபீல்ட் டாம்பா பேயில் தழைத்தார். டார்னால்டை வைத்து மினசோட்டா அணி 2024 பருவத்தில் 14 ஆட்டங்களை வென்றது. கைகளும் கால்களும் அவர்களுடையவையே, மாறியது அணி. கிளீவ்லாந்து 1999-இல் மீண்டும் களமிறங்கியது முதல் 2018 வரை முதல் சுற்றில் ஐந்து குவாட்டர்பேக்குகளை எடுத்தது. ஒருவர்கூட ஐந்து பருவங்களைத் தாண்டி அங்கே நிலைக்கவில்லை. ஐந்து தடவையும் ஸ்கவுட்டுகளின் கண்தான் பழுது என்று நம்புவது கடினம். பயிற்சியாளரை அடிக்கடி மாற்றும், தடுப்பாட்டக்காரர்களைச் சேர்க்கத் தவறும் அணியில் எவரை நட்டாலும் வேர் பிடிப்பது அரிது.

டிராஃப்டின் விதியே சிறந்த இளைஞரை மிக மோசமான அணியிடம் ஒப்படைப்பதுதான். அவர் சோபிக்காவிட்டால் 'தோல்வி' என்ற முத்திரை அவர் மீது விழுகிறது. அணிக்கோ மறுபடியும் முன்வரிசையில் வாய்ப்புக் கிடைக்கிறது. இதை மறுத்து நின்றவர்கள் மிகச் சிலரே. ஜான் எல்வே 1983-இல் பால்டிமோருக்கு ஆட மறுத்தார். அவருக்கு பேஸ்பால் என்ற மாற்று வழி இருந்தது. ஈலை மானிங் 2004-இல் சான்டியாகோவை மறுத்தார். அவர் தந்தை முன்னாள் குவாட்டர்பேக். மாற்று வழியோ பின்புலமோ இல்லாதவர் தொப்பியை அணிந்து சிரித்தபடி மேடையேற வேண்டியதுதான். 2021 முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் புகழையும் கொண்டு வருவாய் ஈட்டலாம் என்றானபின், இன்னோர் ஆண்டு கல்லூரியிலேயே தங்குவது சிலருக்குக் கட்டுப்படியாகிறது. பேரத்தில் அவர்கள் பக்கம் சேர்ந்த சிறு எடை அது. எந்த அணி என்பது அப்போதும் அவர்கள் கையில் இல்லை.

வீரர்கள் சங்கம் 2023-இல் ஒரு புதுமை செய்தது. பயிற்சிக்கூடம், உணவு, மருத்துவம், குடும்பத்தினரை நடத்தும் விதம் ஆகியவற்றுக்கு வீரர்களைக் கொண்டே 32 அணிகளுக்கும் மதிப்பெண் வழங்கி வெளியிட்டது. ஜாக்சன்வில் அணியின் உடைமாற்றும் அறையில் எலித் தொல்லை இருந்தது அதன் வழியாகத்தான் ஊருக்குத் தெரிந்தது. அவ்வாண்டு சூப்பர் பௌல் வென்ற கான்சஸ் சிட்டி அதில் 29-ஆம் இடத்தில் இருந்தது; வசதி மட்டுமே வெற்றி தராது என்று வாதிடுவோருக்கு அது கைகொடுக்கும். ஆயினும் எங்கே வேலை செய்யப்போகிறோம் என்பதை இளைஞர் ஒருவர் அறிந்துகொள்ள அப்படியோர் ஏடு இருப்பது நியாயமே. மூன்று நாள்கள் வீரர்களின் உள்ளங்கையையும் ஓட்டத்தையும் தொலைக்காட்சியில் அலசும் லீக், தன் அணிகளுக்கு மதிப்பெண் போடப்பட்டபோது அதை எதிர்த்து முறையீடு செய்தது.