பாயும் ஆறும்

2018இல் சென்னை லலித் கலா அகாடமியில் ஆறுகளைப் பொருளாகக் கொண்ட தற்காலக் கலைக் கண்காட்சி நடந்தது. அதை எண்ணும்போதெல்லாம் நெல்லைக்காரர்களாகிய நமக்குப் பத்தமடைப் பாய்தான் நினைவில் விரிகிறது.

தாமிரபரணிக் கரைக் கோரையை நுண்ணிதாகக் கிழித்து, ஓடும் நீரில் சில நாட்கள் ஊறவைத்து, சாயமேற்றிப் பருத்தி நூற்பாவில் நெய்கிறார்கள்; துணிபோல் மடிகிறது. இங்கே ஆறு வெறும் பாடுபொருளன்று, உடனுழைக்கும் கருவி. 1953இல் எலிசபெத் அரசியின் முடிசூட்டுக்கு இப்பாய் சென்ற கதையைச் சலியாமல் சொல்வோம். (கூலியைப் பற்றி மட்டும் பேசமாட்டோம்.)

விசைத்தறி வந்ததில் நமக்குப் பெரிய வருத்தமில்லை. கருவிகள் மாறத்தான் செய்யும். ஆனால் மேலே பாபநாசத்தில் பரிகாரமென்று ஆற்றில் விடும் துணிகள் டன் கணக்கில் சேர்கின்றனவே, அதையும் மாற்றமென்று ஏற்பதா? முதலில் அது நிற்கட்டும். நம்மூரில் கண்காட்சி பிறகு வைத்துக்கொள்ளலாம்.